நாளங்காடி முதல் உழவர் சந்தை வரை: விளைவித்தவரே விற்ற கடையின் கதை

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். சென்ற முறை குகைக் கல்வெட்டுகளைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். "ரொம்ப நல்லா இருந்தது சார்" என்று பலர் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேர் படிக்கவில்லை என்பது என் கணிப்பு. ஆகவே இம்முறை எல்லோர் வீட்டுப் பையிலும் வந்து விழுகிற சரக்கைப் பற்றியே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். காய்கறிக் கடை. அதிலும், விளைவித்தவரே உட்கார்ந்து விற்கிற கடை.

நான் செகந்திராபாத்தில் பருப்பு, மிளகாய், புளி மொத்த வியாபாரம் செய்பவன். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. தமிழும் கல்வெட்டும் கடை மூடின பிறகு நானாகப் படித்துக்கொண்டவை. இடைத்தரகன் இல்லாத சந்தை வேண்டும் என்று அரசாங்கம் சொன்னால், அந்த இடைத்தரகன் என்ற சொல் என்னைப் போன்றவனைத்தான் குறிக்கிறது. அப்படிப்பட்டவன் உழவர் கடையின் வரலாறு எழுதலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். எழுதலாம். கடை வைப்பது எப்படி என்பது கடைக்காரனுக்குத்தானே தெரியும்!

முதலில் சொற்களைப் பார்த்துவிடுவோம். அங்காடி என்பது பழந்தமிழ்ச் சொல். தமிழ்நாட்டில் இன்று ரேஷன் கடையின் பெயர்ப்பலகையில்தான் அது அதிகம் தென்படுகிறது. ஆனால் இங்கே தெலுங்கிலும், பக்கத்தில் கன்னடத்திலும் அங்கடி என்றால் இன்றும் சாதாரணமாகக் கடைதான். சந்தையும் அப்படியே, தெலுங்கில் சந்த, கன்னடத்தில் சந்தெ. மண்டி என்ற சொல்லின் கதை வேறு. வடநாட்டுக் கல்வெட்டுகளில் வருகிற மண்டபிகா என்ற வடசொல்லிலிருந்து மண்டி வந்தது என்பர். பஞ்சாபில் மண்டி என்றால் பொதுவாகச் சந்தை. நம்மிடமோ கமிஷனுக்கு மொத்தமாகச் சரக்கு இறங்குகிற இடத்துக்குத்தான் மண்டி என்று பெயர். அதனால் 1987-இல் பஞ்சாபில் 'அப்னி மண்டி' என்று உழவர் சந்தை தொடங்கியபோது, பெயரைக் கேட்ட தமிழன் அதற்கு நேர் எதிரான பொருளைத்தான் நினைத்திருப்பான்.

நிழலும் கொடியும்

சிலப்பதிகாரத்தில் புகார் நகரம் இரண்டு பாக்கங்களாக இருக்கிறது. கடல் பக்கம் மருவூர்ப்பாக்கம், உள்ளே பட்டினப்பாக்கம். இரண்டுக்கும் நடுவே இருந்த வெளியில்தான் நாளங்காடி, அதாவது பகல் சந்தை. கட்டடம் கிடையாது. நெருங்கி வளர்ந்த மரங்களின் அடியையே காலாகக் கொண்டு கடை கட்டியிருந்தார்கள் என்கிறார் இளங்கோவடிகள். வாங்குவோர் விற்போர் இரைச்சல் ஓயாத சோலை அது. அந்தச் சந்தைக்குக் காவலாக ஒரு பூதமும் இருந்தது.

மதுரைக் காஞ்சியில் மாங்குடி மருதனார் காட்டும் கூடல் நகரத்தில், பலவகைப் பண்டங்களைச் சுமந்து திரிந்து விற்பவர்கள் மலை போன்ற மாடங்களின் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு புலவர்களும் நிழலைச் சொல்லாமல் விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உரையாசிரியர்கள் இதை வருணனை என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். கடையில் உட்கார்ந்தவனுக்கு அது வருணனை அல்ல. வெயில் பட்ட கீரை ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடும். வெயிலில் நிற்கிற வாடிக்கையாளரும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்கமாட்டார். கடைக்கு முதல் மூலதனம் நிழல்தான்.

அடுத்தது கொடி. பட்டினப்பாலை புகாரின் பலவகைக் கொடிகளை வரிசையாகச் சொல்கிறது. கல்வியில் சிறந்தோர் வாதம் செய்ய ஏற்றிய கொடி, துறைமுகத்து மரக்கலங்களின் கொடி, அத்துடன் கள் விற்கும் வாசலில் கட்டிய கொடி. கள் எனக்கு ஆகாத சரக்கு என்றாலும் விஷயத்தை விட்டுவிட முடியாது. எழுத்துத் தெரியாதவனும் தூரத்திலிருந்தே பார்த்து 'இன்ன பொருள் இங்கே' என்று தெரிந்துகொள்ள வழி செய்திருக்கிறார்கள். போர்டு வைப்பது நாம் வெள்ளைக்காரனிடம் கற்றுக்கொண்ட வித்தை அல்ல.

கொடிக்கு அடுத்தது குரல். அகநானூற்றில் அம்மூவனார் பாட்டு ஒன்றில், உமணர் குலப் பெண் ஒருத்தி சேரியில் நெல்லுக்குச் சமமாக உப்பு என்று விலை கூவிப் போகிறாள். பழக்கமில்லாத அந்தக் குரலைக் கேட்டு வீட்டு நாய்கள் குரைக்கின்றன. விற்கிறவள் குரல் எப்படி இருந்திருக்கும் என்று இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் நமக்குக் கேட்கிறது. அளவுக்கு அளவு என்று விலையை முதலிலேயே உரக்கச் சொல்லிவிட்டாள் என்பதும் கவனிக்கத்தக்கது. பேரத்துக்கு இடமே வைக்கவில்லை.

மோர் விற்றவளின் கணக்கு

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்த வியாபாரி பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள். உழவர் கடை என்று நாம் இன்று பேசுவதற்கு மிகவும் நெருங்கியவள் அவள்தான். விடியலில் தயிர் கடைகிறாள். மோர்ப் பானையைப் பூச்சும்மாட்டின் மேல் வைத்துக்கொண்டு போய் விற்கிறாள். மோருக்குத் தானியம் வாங்கி, அதைக் கொண்டு சுற்றத்தாருக்குச் சோறு போடுகிறாள். நெய்யை விற்கும்போது மட்டும் கணக்கு மாறுகிறது. நெய்க்குப் பொன் கொடுத்தால் வேண்டாம் என்கிறாள். எருமையும் பசுவும் கன்றுமாக வாங்கிக்கொள்கிறாள்.

இதை எழுதிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்கு வியாபாரம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. மோர் நாளைக்கு நிற்காது. ஆகவே அது இன்றைய சாப்பாட்டுக்கு. நெய் நிற்கும், அது முதலைப் பெருக்குவதற்கு. அழுகும் சரக்கையும் நிற்கும் சரக்கையும் ஒரே பையில் போட்டுக் கணக்குப் பார்க்கிற கடை நிலைக்காது. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷ வியாபாரம் தேவைப்பட்டது. அவளோ பாட்டில் ஐந்தாறு அடியில் செய்து முடித்துவிட்டாள்.

அதே புலவர் பட்டினப்பாலையில் புகார் வணிகரின் குணத்தைச் சொல்கிறார். கொள்வதை மிகையாகக் கொள்ளமாட்டார்கள், கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்கமாட்டார்கள், விலையை வெளிப்படையாகச் சொல்லி விற்பார்கள் என்பது அதன் பொருள். இதை மேடைகளில் எல்லோரும் சொல்வதுண்டு. அதற்கு அவர் கொடுத்த உவமையை அதிகம் பேர் சொல்வதில்லை. வணிகரின் நடுவுநிலை நெஞ்சுக்கு அவர் உவமை காட்டியது தராசை அல்ல, நுகத்தடியின் நடுவே இருக்கும் பகலாணியை. ரெண்டு மாட்டுக்கும் பாரம் சமமாக இருப்பது அந்த ஆணியால்தான். வணிகனுக்கு ஏர்க்காலிலிருந்து உவமை எடுத்தவர், உழவனும் வணிகனும் இரண்டு ஜாதி என்று நினைத்திருக்க முடியாது.

எடையின் வரலாறு

மதுரைக்கு அருகே மாங்குளம், அழகர்மலைக் குகைகளில் உள்ள தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளை இரண்டு காரணங்களுக்காக இங்கே சொல்ல வேண்டும். சமண முனிவர்களுக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களில் வணிகர்கள் பலர். மாங்குளத்தில் வெள்ளறை என்ற ஊரின் நிகமத்தார், அதாவது வணிகக் குழுவினர், வருகிறார்கள். அழகர்மலையில் உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன் என்று தொழிலையே அடைமொழியாகப் போட்டு வெட்டியிருக்கிறார்கள். ஐராவதம் மகாதேவன் 2003-இல் வெளியிட்ட தொகுப்பில் இவற்றை வாசகத்தோடு காணலாம். கொழு என்றால் ஏர்க்கொழு. உழவனுக்கு இரும்பு விற்றவன் முனிவருக்குக் கல் வெட்டிக் கொடுத்திருக்கிறான்.

இரண்டாவது காரணம், அந்த முனிவர்கள் இல்லறத்தாருக்குச் சொன்ன விரதங்கள். கள்ளாமை விரதம் என்றால் பிறர் பொருளை எடுக்காதிருப்பது மட்டும் அல்ல. சமந்தபத்திரர் தமது சிராவகாசார நூலில் அந்த விரதத்துக்கு ஐந்து குற்றங்கள் சொல்கிறார். திருடத் தூண்டுவது, திருட்டுப் பொருள் வாங்குவது, அரசாணையை மீறுவது, ஒன்றுபோலத் தெரியும் தாழ்ந்த சரக்கைக் கலப்பது, கூடக்குறைய அளப்பது. ஐந்தில் இரண்டு நேராகக் கடைமேடை விஷயம். அந்நூலைத் தழுவிய அருங்கலச்செப்பைத் தமிழில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தாத்தாவுக்கு அது மதநூல், எடைக்கல் சட்டம் இரண்டுமாக இருந்தது.

அரசர்களும் இதில் அசட்டையாக இல்லை. சிலம்பில் மதுரைக் கூலக்கடைத் தெருவில் நிறைகோல்காரரும் அம்பணம் கொண்டு அளப்பவரும் தனித்தனியே திரிகிறார்கள். புகாரின் வெள்ளிடை மன்றத்திலோ பொதிகளின் மேல் உரியவர் பெயரும் எண்ணும் அளவும் பொறித்து, காவல் இல்லாமலே போட்டு வைத்திருந்தார்களாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று இறைவன் பெயர். அதே கல்வெட்டுகளில் திரிபுவனமாதேவிப் பேரங்காடி என்ற சந்தையும் வருகிறது. அளவைக்குச் சாமி பெயர் வைத்தால் குறைத்து அளக்கிற கை கொஞ்சமாவது நடுங்கும் என்று நினைத்திருப்பார்கள் போல.

பிறகு நூற்றாண்டுகள் பல ஓடின. நான் சிறுவனாக இருந்தபோதும் கிராமத்தில் வீசை, பலம் என்றுதான் பேச்சு. நாற்பது பலம் ஒரு வீசை, இன்றைய கணக்கில் சுமார் 1400 கிராம். 1962 ஏப்ரல் முதல் கிலோ கட்டாயம் என்று சட்டம் வந்தும், பாட்டிகளின் வாயில் வீசை இன்னும் பல வருஷம் இருந்தது. அளவை மாறுகிற காலத்தில் ஏமாந்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

உழவன் கடையைவிட்டு எழுந்தது எப்போது?

வாரச்சந்தை இருந்தவரை உழவன் ஏதோ ஒரு நாள் தன் சரக்கின் முன்னால் உட்கார்ந்தான். நகரங்கள் பெருத்து, தினமும் காய் தேவைப்பட்டு, லாரி வந்த பிறகு, கிராமத்துக் காய் மொத்தமாக மண்டிக்குப் போய்க் கமிஷனுக்கு ஏலம் போகிற முறை நிலைத்துவிட்டது. சென்னை மாகாணத்தில் 1933-இல் வந்த விளைபொருள் சந்தைச் சட்டம் வணிகப் பயிர்களுக்காக வந்தது. கத்திரிக்காயைப் பற்றி அன்று யாரும் கவலைப்படவில்லை.

மண்டியைப் பற்றி நான் சொன்னால் பாரபட்சம் என்பார்கள். இருந்தாலும் சொல்கிறேன். மண்டிக்காரன் செய்கிற வேலை ஒன்றும் இல்லை என்பது தவறு. மாலை நாலு மணிக்கு வருகிற பத்து மூட்டைக் காயையும் ஒரே வார்த்தையில் வாங்கிக்கொள்ள அவன் ஒருவன்தான் இருக்கிறான். விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுப்பவனும் அநேகமாக அவனே. கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. கடன் கொடுத்தவனிடமே சரக்கைப் போட வேண்டும் என்றாகிறது. எடையை அவன் போடுகிறான், விலையையும் அவனே சொல்கிறான், கழிவையும் அவனே கழிக்கிறான். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அந்த விரலாவது மாட்டுக்காரன் கைக்குத் தெரியும். காய்கறி ஏலத்தில் பல உழவர்களுக்கு அதுகூடத் தெரிவதில்லை. நுகத்தடியின் ஆணி ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டது.

பஞ்சாபின் அப்னி மண்டி 1987-இல் சண்டிகர் பக்கம் தொடங்கியது. நிலையான கட்டடம் இல்லை. கிழமைக்கு ஒரு பகுதி என்று திறந்த மைதானத்தில் கூடுகிற ஏற்பாடு. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் 1999 ஜனவரி 26 அன்று ரைத்து பஜார்கள் தொடங்கின. தமிழ்நாட்டில் அதே ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை முதல்வர் கருணாநிதி திறந்து வைத்தார். ஓரிரு ஆண்டுகளில் சுமார் நூறு சந்தைகள் வந்தன. 2001-இல் ஆட்சி மாறியதும் அவை கவனிப்பாரற்றுப் போய், 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் பெற்றன. கட்சி விவகாரத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் கடை என்பது நாள் தவறாமல் அதே இடத்தில் இருக்க வேண்டிய பொருள். ஐந்து வருஷம் ஆளில்லாமல் கிடந்த சந்தைக்கு வாடிக்கையாளரைத் திரும்பக் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு மாநில ஏற்பாடும் ஏறக்குறைய ஒன்றே. உழவர் என்று அதிகாரிகள் நேரில் பார்த்துச் சான்று தந்தால் புகைப்பட அட்டை. கடைக்கு வாடகை இல்லை. தராசு சந்தையே கொடுக்கும். அன்றன்றைய விலையைக் குழு நிர்ணயித்துப் பலகையில் எழுதிப் போடும். தமிழ்நாட்டில் மொத்த விலைக்கு மேல் இருபது சதவீதம் வரை, சில்லறை விலைக்குக் கீழே பதினைந்து சதவீதம் என்பது பொதுவான கணக்கு. பேச்சுக்கு, மண்டியில் கிலோ 20 ரூபாய், தெருக்கடையில் 30 ரூபாய் என்றால் சந்தை விலை 24, 25 என்று நிற்கும். விற்பவருக்கு நாலு, வாங்குபவருக்கு ஐந்து மிச்சம்.

இந்த நாலு ரூபாய் சும்மா வருவதா என்று கேட்டால், இல்லை. முதல் பஸ்ஸுக்கு எழுந்திருப்பது, சுமப்பது, அரை நாள் உட்கார்ந்திருப்பது, மிஞ்சியதைத் திருப்பிக் கொண்டுபோவது, எல்லாவற்றுக்கும் அந்த நாலு ரூபாய்தான் கூலி. வியாபாரியை நீக்கிவிட்டால் வியாபாரியின் வேலை மறைந்துவிடாது. அதை உழவர் தன் தலையில் எடுத்துக்கொள்கிறார். ஆகவே உழவர் சந்தை நிலைக்குமா என்பது கடைசியில் ஒரே கேள்விக்குள் அடங்கும். அந்தக் கடையை வைக்கத் தெரிந்ததா, இல்லையா?

ஒரு கடை

என் சித்தப்பா பேரனுக்குப் போளூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர். எங்கள் சமூகத்தில் பாதிப் பேர் நிலத்தை விட்டுவிட்டு என்னைப் போல ஊர் ஊராகப் போய்விட்டோம். அவனும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஓசூரில் வேலைக்குப் போவதாக இருந்தான். போர் போட்ட கடன் தலைக்கு மேல் இருந்தது. அவன் மனைவிதான் ஒரு வருஷம் பார்க்கலாம் என்று அட்டை வாங்கித் திருவண்ணாமலை உழவர் சந்தையில் உட்கார்ந்தாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு காலையாவது அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது என் வழக்கம். நான் சொல்லிக் கொடுத்தது கொஞ்சம், பார்த்துத் தெரிந்துகொண்டது அதிகம்.

கிழங்கு வகை அவள் பயிரிடுவதில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். வெண்டை, புடலை, பீர்க்கு, கீரை. தொடங்கின புதிதில் தரையில் சாக்கை விரித்து எல்லாவற்றையும் குவித்து வைத்திருந்தாள். நடந்து போகிறவர்கள் கண்ணுக்குக் குவியலின் மேல்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. பின்பக்கம் ரெண்டு காலி மரப்பெட்டியைக் கவிழ்த்து, நடுவில் பலகை வைத்து, முன்னால் தரை என்று மூன்று படியாக்கினோம். சரக்கு வாங்குபவரைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. பச்சைக்குப் பக்கத்தில் பச்சை வைத்தால் எதுவுமே தெரியாது. வெண்டைக்கும் புடலைக்கும் நடுவே சிவப்புத் தண்டுக்கீரையை வைத்தவள் அவள்தான். கொலு வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறாளே!

விற்க விற்கக் கூடை காலியாகும். பாதிக் கூடையில் கிடக்கிற காயை ஜனங்கள் கழிசல் என்று நினைத்து ஒதுக்குவார்கள். அதனால் பெரிய கூடை குறையக் குறையச் சின்னக் கூடைக்கு மாற்றிக்கொண்டே வருவாள். கடைசிக் கிலோவும் நிறைந்த தட்டில்தான் இருக்கும்.

தண்ணீர் தெளிப்பது தனி சாஸ்திரம். கீரைக்கு ஈரச் சாக்கு வேண்டும். வெண்டையில் தண்ணீர் பட்டால் கருத்துப் பிசுபிசுத்துவிடும். ஒரு நாள் பக்கத்துக் கடைக்காரர், "பீன்ஸுல நல்லா தெளிச்சு வை, எடையும் நிக்கும்" என்று அவளுக்குப் புத்தி சொன்னார். அவர் போனதும் என்னிடம் சொன்னாள்: "கீரை கட்டுக் கணக்கு, பெரிய மாமா. தண்ணி தெளிச்சா அது அழகுக்கு. எடை போட்டு விக்கிறதுல தெளிச்சா தண்ணிக்கும் சேத்துக் காசு வாங்கினாப்ல ஆயிடும்." சமந்தபத்திரரை அவள் படித்ததில்லை.

நல்லதை மேலே போட்டு முற்றலைக் கீழே தள்ளுவது ஊருக்கு ஊர் உள்ள வழக்கம். ஒரு தடவை ஏமாந்தவர் அடுத்த நாள் வேறு கடைக்குப் போய்விடுவார். அவள் வீட்டிலேயே இரண்டாகப் பிரித்துக் கொண்டுவருகிறாள். முதல் தரம் பலகை விலைக்கு, இரண்டாம் தரம் அதற்கும் குறைத்து, தனிக் கூறாக. மெஸ்காரர்கள் இரண்டாவதைக் கேட்டு வாங்குகிறார்கள், சாம்பாருக்கு அதுவே போதும் என்று. தராசின் முகம் வாங்குபவர் பக்கம் திரும்பியிருக்கும். சில்லறைக்கு ஒரு டப்பா, செல்போனில் பணம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு அட்டை.

போணி ஆகும்வரை பேரம் பேசுகிறவரைத் திருப்பி அனுப்பமாட்டாள். கொசுறு கேட்காமலே விழும், ஒரு கொத்துக் கறிவேப்பிலை. இந்த இரண்டு சொல்லும் ஹைதராபாத்தில் இருக்கிற உங்களுக்குப் புதிதல்ல. எர்ரகட்டா ரைத்து பஜாரில் போணி என்றால் அதே போணிதான். கொசுறு அங்கே கொசரு. பாஷை எல்லையைத் தாண்டின சொற்களில் வியாபாரச் சொற்களே அதிகம் என்பது என் நெடுநாள் எண்ணம்.

இடம் தினமும் மாறும். முந்தி வந்தவர்களுக்கு நல்ல மூலை கிடைக்கும். வழக்கமாக வாங்குகிறவர்கள் தேடி அலையக்கூடாது என்று, எந்த இடம் கிடைத்தாலும் பின்னால் கம்பியில் ஒரு மஞ்சள் துணி கட்டுகிறாள், அதே பழைய புடவைத் துண்டு. பட்டினப்பாலைக் கொடி இதுதான் என்று நான் சொன்னபோது, "புடவை எங்க அம்மாது, மாமா" என்றாள்.

கடையைவிட முக்கியமான மாற்றம் வயலில் நடந்தது. வீட்டுக்காரிகள் ஒரே கடையில் நாலு காய் கிடைத்தால் நிற்கிறார்கள். ஒரே காயைக் குவித்து வைத்தால் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மண்டிக்கு ஒரே பயிரை மொத்தமாகப் போடுவது லாபம். கடைக்கோ சின்னச் சின்னப் பாத்திகள் வேண்டும். கீரையை வாரத்துக்கு ஒரு பாத்தியாக விதைக்கிறார்கள். கடையில் என்றைக்கும் கீரை இல்லை என்ற பேச்சே வரக்கூடாது என்பது அவள் வைராக்கியம். கீரைப் பணம் அன்றன்றைய செலவுக்கு. வரப்பில் போட்ட மொச்சையை முற்றவிட்டுக் காயவைத்து, விலை வரும்போது விற்று, அந்தப் பணத்தைக் கடனில் கட்டுகிறாள். ஆய்மகளின் மோர்க் கணக்கும் நெய்க் கணக்கும்தான்.

தொல்லை இல்லாமல் இல்லை. அட்டை வாங்கிக்கொண்டு மண்டிச் சரக்கை உழவர் சரக்கு என்று விற்கிற வியாபாரிகள் எல்லாச் சந்தையிலும் நுழையப் பார்க்கிறார்கள். அவர்களிடம் எல்லாக் காயும் எல்லாப் பருவத்திலும் இருக்கும்; பார்வைக்கும் கடை நிறைவாக இருக்கும். அதனால்தான் அட்டையில் என்ன பயிர், எவ்வளவு நிலம் என்று எழுதுகிற விதி. விதியை வயலில் இறங்கிப் பார்த்து நடத்துகிற அதிகாரி இருக்கிற ஊரில் சந்தை உழவரிடம் இருக்கிறது, இல்லாத ஊரில் அது பெயர் மாறிய மார்க்கெட். வாங்குகிற நாமும் கார்த்திகை மாசத்தில் கண்ணைப் பறிக்கிற மாங்காயைப் பார்த்தால் எந்தத் தோட்டம் என்று ஒரு வார்த்தை கேட்கலாம். வயலில் நின்றவர் என்றால் பதில் உடனே வரும், மழையைப் பற்றியும் சேர்த்துச் சொல்வார்.

அவன் ஓசூருக்குப் போகவில்லை. போர்க் கடனில் பாதிக்கு மேல் அடைந்திருக்கிறது, மீதி இருக்கிறது. இருட்டோடு எழுந்து முதல் பஸ்ஸில் கூடையை ஏற்றிப் போய், சூரியன் வந்த பிறகுதான் கடையில் உட்கார்ந்தபடி ஒரு வாய் சாப்பிடுகிறாள். முழங்கால் வலி வந்திருக்கிறது. பெரிய பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். அவன் கடையில் உட்காருவானா என்று கேட்டேன், சிரித்தாள்.

மலர் அச்சுக்குப் போகிற சமயம் போனில் பேசினேன். வெண்டை முடிந்து அவரை பூத்திருக்கிறதாம். அட்டையில் அவரையைச் சேர்க்க மனுக் கொடுத்திருக்கிறாள். வயலைப் பார்க்க அதிகாரி வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.